தாளில் போட்டிருந்தால் வழக்கு நிற்காதா?

கேள்வி: என் தங்கைக்கு 26 வயது. சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. வால்ப்ரோயேட் மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. சென்ற வருடம் புதிதாகப் பார்த்த நரம்பியல் டாக்டர் அதோடு லாமோட்ரிஜின் 25 மில்லிகிராம் மாத்திரையைச் சேர்த்தார். முதல் வாரம் காலையும் இரவும் ஒவ்வொன்று, இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டிரண்டு. 17-ஆம் நாள் காய்ச்சல், கண் சிவப்பு, வாயில் புண், மார்பில் தடிப்பு. அதே மருத்துவமனைக்கு ஓடினோம். பணியில் இருந்த இளம் டாக்டர், அம்மை மாதிரி இருக்கிறது என்று காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பினார். லாமோட்ரிஜினை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று நாளில் தோல் உரிய ஆரம்பித்தது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம் என்றார்கள். 24 நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துவிட்டாள். ஆனால் கண் வறண்டு, இமை முடி உள்பக்கம் மடங்கி உரசி, வலது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. வேலையையும் விட்டுவிட்டாள். டாக்டரோ, "இது தெரிந்த பக்கவிளைவு, மருந்துத் தாளிலேயே போட்டிருக்கிறது, யார் மேலும் தப்பில்லை" என்கிறார். தெரிந்த வக்கீல் ஒருவரும் தாளில் இருந்தால் வழக்கு நிற்காது என்றார். மருந்துக் கம்பெனி மேலாவது போட முடியுமா? எங்களுக்கு வேறு வழியே இல்லையா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை பேனாவும் காகிதமுமாக. அந்தக் கணக்குக்குப் பின்னால் வருகிறேன். முதலில் உங்களைத் தடுத்து நிறுத்தியிருக்கும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "தாளில் போட்டிருக்கிறது, அதனால் வழக்கு நிற்காது."

இது பாதி உண்மை. தாளில் எச்சரிக்கை இருந்தால் பெரும்பாலும் மருந்துக் கம்பெனிக்குத்தான் அது கவசம். டாக்டருக்கு அதே தாள் எதிராகத் திரும்பும். இந்த ஆபத்து இருக்கிறது, இந்தச் சூழ்நிலையில் இது கூடும், இப்படிக் கொடுத்தால் குறையும் என்று அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகு, "எனக்கு எப்படித் தெரியும்" என்று அவர் சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்துக் காட்டிய தாளை, நான் உங்கள் வக்கீலாக இருந்தால் முதல் சான்றாவணமாகத் தாக்கல் செய்வேன்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சட்டத்தின் பெயரும் நீதிமன்றத்தின் பெயரும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே அவற்றை வைத்தே பேசுகிறேன்.

கம்பெனி மேல் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மருந்து மூன்று விதத்தில் குறைபாடுள்ளதாக இருக்கலாம். தயாரிப்பில் கோளாறு, அதாவது அந்த ஒரு தொகுதி மட்டும் கெட்டுப்போயிருப்பது. மருந்தின் அமைப்பே நன்மையைவிடத் தீமை அதிகம் செய்வது. மூன்றாவது, போதுமான எச்சரிக்கை தராதது. நீதிமன்றங்களில் அதிகம் அடிபடுவது இந்த மூன்றாவதுதான். 2004-இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட வயாக்ஸ் என்ற வலி நிவாரணியை எடுத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு ஆபத்தை மெர்க் நிறுவனம் உரிய நேரத்தில் சொல்லவில்லை என்று ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். 2007-இல் 485 கோடி டாலருக்கு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

உங்கள் விஷயம் அப்படியல்ல. லாமோட்ரிஜினால் உயிருக்கு ஆபத்தான தோல் வியாதி வரலாம் என்பது மறைக்கப்பட்ட சங்கதி இல்லை. அமெரிக்காவில் அந்த மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே அது இருக்கிறது. மேலும், டாக்டர் சீட்டில் மட்டும் கிடைக்கும் மருந்துகளுக்குப் பல நாடுகளில் ஒரு கோட்பாடு உண்டு: கம்பெனி எச்சரிக்க வேண்டியது டாக்டரை, நோயாளியை நேரடியாக அல்ல. டாக்டருக்கு ஒழுங்காகச் சொல்லிவிட்டால் கம்பெனியின் கடமை முடிந்தது. பிறகு பொறுப்பு டாக்டருடைய மேசைக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. உங்கள் தங்கை சாப்பிட்டது மருந்தை முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் மாத்திரையா, பின்னால் அதே மருந்தைச் செய்யும் ஜெனரிக் கம்பெனியினுடையதா? அமெரிக்காவில் இது வழக்கின் தலையெழுத்தையே மாற்றிவிடுகிறது. அங்கே 2009-இல் உச்ச நீதிமன்றம், அரசு அனுமதித்த விவரத்தாள் என்பதற்காக மட்டும் மூலக் கம்பெனி தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. ஊசி மருந்தைத் தவறான முறையில் ஏற்றியதால் கையை இழந்த ஓர் இசைக்கலைஞரின் வழக்கு அது. ஆனால் 2011-இல் அதே நீதிமன்றம், ஜெனரிக் கம்பெனி விவரத்தாளைத் தானாக மாற்ற முடியாது, எனவே எச்சரிக்கை போதாது என்று அதன் மேல் வழக்குப் போட முடியாது என்றது. 2013-இல் வந்த பார்ட்லெட் வழக்கை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடம்தான். சுலிண்டாக் என்ற ஜெனரிக் வலி மாத்திரை சாப்பிட்டு, உங்கள் தங்கைக்கு வந்த அதே வியாதி முற்றி, பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்தவர் அந்தப் பெண். ஜூரி 2 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. மற்ற நாடுகளில் இந்தப் பாகுபாடு இப்படியே இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் மாத்திரை அட்டையில் உள்ள கம்பெனிப் பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்து வையுங்கள்.

ஆக, கம்பெனியை முதல் எதிரியாக வைத்து ஓடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பணம் அவர்களிடம் இருக்கிறது என்பதற்காக அந்தக் கதவைத் தட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தாறு வருடம் போய்விடும்.

இப்போது அந்தக் கணக்கு.

வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவரின் உடலில் லாமோட்ரிஜின் மெதுவாகத்தான் கரைந்து வெளியேறும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அதனால்தான் விவரத்தாளில் இவர்களுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. பெரியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம். அடுத்த இரண்டு வாரம் தினமும் 25. அதன் பிறகே மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் தோல் வியாதியின் ஆபத்து கூடும் என்று அதே தாளில் எழுதியிருக்கிறது. அந்த அட்டவணைப்படி முதல் 14 நாளில் உங்கள் தங்கை விழுங்கியிருக்க வேண்டியது 7 மாத்திரை. நீங்கள் எழுதியபடி பார்த்தால் முதல் வாரம் 14, இரண்டாம் வாரம் 28, மொத்தம் 42. ஆறு மடங்கு.

இந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கு. இது பக்கவிளைவு வழக்கு என்ற பெயரில் நடக்காது, மருந்தின் அளவு பற்றிய அலட்சிய வழக்காக நடக்கும். தெரிந்த பக்கவிளைவு என்பதும் தவிர்க்க முடியாத பக்கவிளைவு என்பதும் வேறு வேறு.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அதிர்ச்சியாக இருக்கக் கூடாது. ஒன்று, "வலிப்பு அடிக்கடி வந்தது, அவசரத்தில் ஏற்ற வேண்டியிருந்தது, என்னைப் போன்ற மற்ற டாக்டர்களும் இப்படிச் செய்வார்கள்." 1957-இல் இங்கிலாந்தில் வந்த போலம் தீர்ப்பிலிருந்து இந்த வாதம் உலகம் சுற்றுகிறது. பொறுப்புள்ள டாக்டர்களில் ஒரு சாரார் ஏற்கும் முறையில் நடந்தால் அது அலட்சியமாகாது என்பது அதன் சாரம். ஆனால் 1997-இல் அங்கேயே பொலிதோ வழக்கில், அந்த ஒரு சாராரின் கருத்து அறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்று கடிவாளம் போட்டார்கள். விவரத்தாளின் கட்டம் கட்டிய எச்சரிக்கையை மீறி ஆறு மடங்கு கொடுப்பதற்கு என்ன காரணம் என்று நோயாளிக் குறிப்பில் அவர் எழுதியிருக்கிறாரா என்பதைப் பாருங்கள். எழுதியிருந்தால் வழக்கு கடினம். ஒன்றுமே இல்லையென்றால் குறுக்கு விசாரணையில் அவருக்குக் கடினம்.

இரண்டாவது வாதம் இன்னும் கெட்டியானது: "சரியான அளவில் கொடுத்திருந்தாலும் இது வந்திருக்கலாம்." உண்மையிலேயே வரலாம். அட்டவணைப்படி சாப்பிட்டவர்களுக்கும் வந்திருக்கிறது. இங்கேதான் நிபுணர் சாட்சி தேவை. ஒரு மருந்தியல் நிபுணரோ தோல் நிபுணரோ இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். வியாதி இந்த மருந்தால்தான் வந்தது என்பது ஒன்று. இதற்கென்றே அளவுகோல்கள் இருக்கின்றன. 1981-இல் வந்த நரான்ஜோ என்ற பத்துக் கேள்விப் பட்டியல் எந்த மருந்துக்கும் பொருந்தும். இந்தத் தோல் வியாதிக்கு மட்டுமான ஆல்டன் என்ற மதிப்பெண் முறையும் உண்டு. மருந்து ஆரம்பித்து 17-ஆம் நாள் என்பது உங்களுக்குச் சாதகம். லாமோட்ரிஜினில் இந்த மாதிரி மோசமான தடிப்பு பெரும்பாலும் இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் வரும். அடுத்து, ஏற்றிய வேகம் ஆபத்தைக் கூட்டியது என்பது. பல நாடுகளின் சிவில் நீதிமன்றங்களில் இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

அப்புறம் அந்த மூன்று நாள். கடிதத்தில் நீங்கள் அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணை உறுத்தியது. காய்ச்சல், கண் சிவப்பு, வாய்ப்புண், தடிப்பு எல்லாம் சேர்ந்து ஒருவர் வருகிறார். அந்த டியூட்டி டாக்டர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, "புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா?" கேட்டாரா? கேட்டிருந்தால் எழுதினாரா? சந்தேகம் வந்த நிமிடமே மருந்தை நிறுத்துவதுதான் இந்த வியாதியில் முதல் சிகிச்சை. அந்த மூன்று நாளில் இன்னும் 12 மாத்திரை உள்ளே போயிருக்கிறது. முதல் டாக்டரின் அளவு விஷயத்தில் "எப்படியும் வந்திருக்கும்" என்ற வாதம் எடுபட்டாலும், தாமதத்தால் வியாதி முற்றியது என்ற வாதம் தனியாக நிற்கும். அந்த டியூட்டி டாக்டர் மருத்துவமனையின் ஊழியர் என்றால் பொறுப்பு மருத்துவமனைக்கும் போகும்.

அளவு, தாமதம் இரண்டுக்கும் அடுத்து உங்கள் பக்கம் மூன்றாவது கேள்வி, இந்த ஆபத்தை உங்களிடம் சொன்னார்களா என்பது. 1992-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தில் ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் என்று ஒரு வழக்கு. ஒரு கண்ணில் அறுவை செய்தால் மறு கண்ணும் போகும் ஆபத்து 14,000-இல் ஒன்று. டாக்டர் அதைச் சொல்லவில்லை. கண் போனது. ஆபத்து எவ்வளவு அபூர்வமானாலும், அந்த நோயாளிக்கு அது முக்கியம் என்றால் சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2015-இல் மான்ட்கோமரி வழக்கில் ஏறக்குறைய அங்கேயே வந்து சேர்ந்தது. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்ற கேள்வி வழக்கமாக இங்கே உதைக்கும், ஏனென்றால் வலிப்பு உள்ளவர் மருந்தே வேண்டாம் என்றிருப்பாரா என்று கேட்பார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "தோலில் ஏதாவது தெரிந்தால் அடுத்த மாத்திரை போடாமல் உடனே வாங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், 17-ஆம் நாள் இரவு மாத்திரையை நீங்களே எடுத்து வைத்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் சேரும்போது கையெழுத்துப் போட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். பொதுவான சம்மதப் படிவம் அலட்சியத்துக்குக் கொடுக்கும் அனுமதி ஆகாது.

மருந்துக்கடைக்காரரைச் சிலர் சேர்ப்பார்கள். இரண்டு மருந்தும் ஒரே கடையில் வாங்கியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். போலீஸ் புகார் வேண்டாம். குற்றவழக்கில் வெறும் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. அதில் தோற்றால் சிவில் வழக்கின் பலமும் குறையும்.

இந்த மாதிரி வழக்கில் யாராவது ஜெயித்திருக்கிறார்களா என்று உங்களுக்குத் தோன்றும். 1998-இல் கொல்கத்தாவில் சிகிச்சை பெற்ற அனுராதா சாஹா என்ற பெண், ஸ்டீவன்ஸ்-ஜான்சனின் முற்றிய வடிவமான தோல் வியாதி வந்து, மும்பைக்குக் கொண்டுபோன பிறகு இறந்தார். அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு ஊசி அதில் பெரிய பிரச்சினையாக இருந்தது. கணவரும் ஒரு டாக்டர், விடவில்லை. 2009-இல் உச்ச நீதிமன்றம் அலட்சியம் என்றது. 2013-இல் வட்டி நீங்கலாகச் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 15 வருடம். நம்பிக்கைக்கும் சொல்கிறேன், காலம் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழக்கே வேண்டாத நாடுகளும் இருக்கின்றன. ஜப்பானில் 1980 முதல், சரியாகச் சாப்பிட்ட மருந்தால் கடும் பாதிப்பு வந்தவர்களுக்கு யார் தவறு என்று பார்க்காமல் ஒரு நிதியிலிருந்து உதவி தருகிறார்கள். தைவானில் 2000-இல் இதற்கென்று சட்டமே வந்தது. ஸ்வீடனில் மருந்துக் காப்பீடு, நியூசிலாந்தில் விபத்து இழப்பீட்டுத் திட்டம். கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் ஊனமாகப் பிறந்த தாலிடோமைடு மருந்துக் கொடுமைக்குப் பிறகு ஜெர்மனி, கம்பெனியின் தவறை நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கும் வழியைச் சட்டத்தில் வைத்தது. நீங்கள் இருக்கும் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். ஆனால் சில திட்டங்களில் மருந்தை முறைப்படி கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். உங்கள் தங்கைக்குக் கொடுத்த அளவு அதற்குள் வராமல் போகலாம். நியூசிலாந்தில் இழப்பீட்டுத் திட்டத்துக்குள் வந்தால் அதே பாதிப்புக்கு நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்பதும் ஒன்று.

அவசரம் என்று ஒன்று இருந்தால் அது காலவரம்புதான். "சென்ற வருடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடம். இங்கிலாந்தில் பாதிப்பு தெரிந்ததிலிருந்து மூன்று வருடம். டாக்டரோடு பேசிப் பார்ப்போம், கண் ஆபரேஷன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டே நல்ல வழக்குகளைத் தொலைத்தவர்கள் உண்டு. பேச்சுவார்த்தை நடந்தாலும் கடிகாரம் நிற்காது.

ஆவணங்களில், டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது சுருக்கம், எழுதியவருக்கு வசதியான சுருக்கம். முழு நோயாளிப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்: புறநோயாளிச் சீட்டு, 17-ஆம் நாள் குறிப்பு, நர்ஸ் எழுதிய பக்கங்கள், தோல் பயாப்ஸி முடிவு, கண் டாக்டரின் குறிப்புகள். எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். மூல மருந்துச் சீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். என்னிடம் வந்த ஒருவர் வழக்கு முழுவதையும் மடியில் வைத்திருந்தார், மாத்திரை அட்டையைத் தவிர. "அந்தச் சனியனை வீட்டில் வைக்க மனசு வரலை சார், குப்பையில் போட்டுட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எந்தக் கம்பெனி மாத்திரை என்று நிரூபிக்கவே எட்டு மாதம் ஆனது. உங்களிடம் மிச்ச மாத்திரை இருந்தால் அட்டையோடு ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். தோல் உரிந்தபோது யாராவது போனில் படம் எடுத்திருந்தால், அந்தப் போனை மாற்றும் முன் படங்களை அப்படியே நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வேறொருவருக்கு அனுப்பிச் சேமித்தால் எடுத்த தேதி விவரம் போய்விடும்.

நாட்டின் மருந்துக் கண்காணிப்பு அமைப்புக்கும் ஒரு புகார் அனுப்புங்கள். பல நாடுகளில் நோயாளியே அனுப்பலாம். அதனால் இழப்பீடு வராது. ஆனால் தேதியிட்ட ஓர் ஆவணம் உங்களிடம் இருக்கும்.

மருத்துவமனை சமரசத்துக்கு வந்தால் பேசுங்கள், நான் சமரசத்துக்கு எதிரி இல்லை. "முழுமையாகவும் இறுதியாகவும்" என்ற சொற்கள் உள்ள தாளில் மட்டும், கண் நிபுணர் எழுத்தில் கருத்துச் சொல்லும்வரை கையெழுத்து வேண்டாம். இந்த வியாதியில் தோல் ஆறிய பிறகும் கண்ணின் கருவிழி வருடக்கணக்கில் மோசமாகிக்கொண்டே போகலாம். இன்றைய பார்வையை வைத்து நஷ்டஈடு பேசினால் நாளைய செலவு உங்கள் தலையில்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அண்ணன், அலைச்சல் உங்களுடையது, புரிகிறது. ஆனால் உங்கள் தங்கை வயதுக்கு வந்தவர். வழக்கு அவர் பெயரில்தான் இருக்கும். கூண்டில் ஏறி 17-ஆம் நாள் நடந்ததை அவர்தான் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய பழைய வலிப்பு வரலாற்றை எல்லோர் முன்னும் அவரிடம்தான் கிளறுவார். அவர் என்ன நினைக்கிறார் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. பதிவேட்டு நகல் கேட்கும் விண்ணப்பத்திலும் அவர் கையெழுத்துதான் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சரி என்றால் இந்த வாரமே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.